அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு எந்தக் காப்பீடு?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர் பெரும்பாலும் பி-2 விசாவில் செல்கிறார்கள். ஒருமுறை நுழைந்தால் வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி கிடைக்கிறது. பேரக்குழந்தை பிறக்கும் சமயத்தை ஒட்டிச் செல்பவர்கள் அந்த ஆறு மாதத்தையும் முழுதாகத் தங்கிவிட்டே ஊர் திரும்புகிறார்கள். அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினசரி மாத்திரை, சிலருக்கு இதயத்தில் ஸ்டென்ட் என்று இருக்கும் ஒருவருக்கு அரையாண்டு காலம் வேறொரு நாட்டில் தங்க மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தக் காப்பீடு என்பதில்தான் குழப்பம். டிக்கெட் எடுக்கும்போது பயண முகவர் சேர்த்துக் கொடுப்பதையோ, பிரீமியம் குறைவாகத் தெரிந்ததையோ வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மருத்துவமனையில் படுத்த பிறகுதான் பிரித்துப் பார்க்கிறார்கள்.

சில நம்பிக்கைகளை முதலிலேயே விட்டுவிட வேண்டும். ஊரில் ஆண்டுதோறும் கட்டிவரும் மருத்துவக் காப்பீடு, பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். பிள்ளை வேலை பார்க்கும் நிறுவனம் தரும் காப்பீட்டில் மனைவி அல்லது கணவர், குழந்தைகள் சேர்வார்கள். பெற்றோரைப் பொதுவாகச் சேர்க்க முடியாது. கிரெடிட் கார்டோடு வரும் பயணக் காப்பீடு பெரும்பாலும் விமான விபத்துக்கும் தொலைந்த பெட்டிக்கும் உரியது. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கான மெடிகேர் திட்டத்துக்கும் பார்வையாளராக வந்தவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆகவே தனியாக ஒரு பாலிசி எடுத்தே ஆக வேண்டும். பி-2 விசாவுக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால், எடுக்காமல் போனாலும் தடுக்க ஆள் இல்லை. அதனாலேயே இந்தப் பொறுப்பு முழுக்கக் குடும்பத்தின் தலையில் விழுகிறது.

அமெரிக்க மருத்துவமனைகளில் எமர்ஜென்சியில் வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. 1986-இல் வந்த எம்டாலா என்ற சட்டம், வந்தவரைப் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தான நிலை இருந்தால் அதைச் சீராக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. அந்தச் சட்டம் சிகிச்சையைத்தான் உறுதி செய்கிறது, இலவசத்தை அல்ல. பில் பின்னால் வரும். அதுவும் ஒரே பில்லாக வராது. மருத்துவமனை ஒன்று அனுப்பும்; அறுவைச் சிகிச்சை செய்தவர், மயக்க மருந்து கொடுத்தவர், ஸ்கேன் படத்தைப் படித்தவர், ஆம்புலன்ஸ்காரர் என்று ஆளாளுக்குத் தனியாக அனுப்புவார்கள். வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும். இதய அறுவைச் சிகிச்சைக்கு லட்சம் டாலரைத் தாண்டிய பில் அங்கே அபூர்வமானதில்லை. நெஞ்சுவலி என்று எமர்ஜென்சிக்குப் போய், ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்து, ஒன்றுமில்லை என்று அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டாலும்கூட ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம்.

பாலிசியை இந்தியாவில் வாங்கலாம், அமெரிக்காவிலும் வாங்கலாம். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் விற்கும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிக்குப் பிரீமியத்தை ரூபாயில் கட்டுகிறோம். காப்புத் தொகை டாலரில் இருக்கும். வயது, தங்கும் நாட்கள், போகும் நாடு, காப்புத் தொகை ஆகிய நான்கும் சேர்ந்து பிரீமியத்தை முடிவு செய்கின்றன. நாடு என்பதில் பெரிய பிரிவு ஒன்றுதான்: அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்ததா, அவை நீங்கலாகவா என்பது. இரண்டாவது வகை விலை குறைவு. அதைத் தவறுதலாக வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனால் பாலிசி செல்லாது. இந்தியப் பாலிசியைப் பயணம் தொடங்குவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்க நிறுவனங்கள் விற்கும் பார்வையாளர் காப்பீட்டை அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் வாங்கலாம். அதற்காகத் தள்ளிப்போடுவது நல்லதில்லை. வாங்கும் நாளுக்கு முன்பு தொடங்கிய எந்த உபாதைக்கும் அந்தப் பாலிசி பொறுப்பேற்காது.

இந்தியாவில் வாங்கினால் விலை பொதுவாகக் குறைவு. தகராறு என்று வந்தால் முறையிட இங்கேயே இடம் உண்டு. அமெரிக்காவில் வாங்கினால் அங்குள்ள மருத்துவமனைகளுக்குப் பரிச்சயமான நிறுவனமாக இருக்கும். பில் நேரடியாக நிறுவனத்துக்குப் போக வாய்ப்பு அதிகம். எங்கே வாங்குவது என்பதை இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துத் தீர்மானித்துவிடக் கூடாது. அதைவிட முக்கியமான கேள்வி, பயணம் போகிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் நோயை அந்தப் பாலிசி எப்படி நடத்துகிறது என்பது.

முன்பே இருக்கும் நோய்

பயணக் காப்பீடு புதிதாக வரும் நோய்க்கும் விபத்துக்குமானது. அப்பன்டிக்ஸ், நிமோனியா, பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிதல் போன்றவை இதில் சிக்கலின்றி அடங்கும். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயும், அதிலிருந்து கிளைத்து வரும் உபாதையும் அடிப்படையில் விலக்கப்பட்டவை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரைக்கான மாத்திரைச் செலவு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் காலில் புண் வந்து சீழ் பிடித்தால் அதையும் சர்க்கரையின் விளைவு என்று நிறுவனம் சொல்ல முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பத்து வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவருக்குப் பக்கவாதம் வந்தால், இதயத்தில் அடைப்பு ஏற்பட்டால், இதே வாதம் வரும். வயதான பெற்றோரை அங்கே ஐசியுவில் சேர்க்க வைக்கும் நோய்களில் பெரும்பங்கு இந்த வகையில் வந்துவிடுகிறது. காப்புத் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இந்தக் கதவு மூடியிருந்தால் அதனால் பயன் சொற்பம்.

முன்பே இருந்த நோய் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறுகிறது. கடந்த 36 மாதங்களில் சிகிச்சை பெற்றது, அறிகுறி தெரிந்தது என்று சில பாலிசிகள் கால எல்லை வைத்திருக்கும். சிலவற்றில் எல்லையே இருக்காது. உடலில் இருந்து, அவருக்கே தெரியாமல் போயிருந்தாலும் அது முன்பே இருந்த நோய்தான் என்று எழுதியிருக்கும். வாங்குவதற்கு முன் பாலிசி ஆவணத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இந்த விளக்கம் உள்ள பத்தியைப் படிக்க வேண்டும்.

இந்த விலக்கில் இரு பக்கத்துப் பாலிசிகளும் சிறு வழி ஒன்றைத் திறந்து வைத்திருக்கின்றன. இந்தியப் பாலிசிகள் சிலவற்றில், பழைய நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் நிலைமை சீராகும் வரையிலான செலவை, ஒரு வரம்புக்குள் தருவதாக இருக்கும். அந்த வரம்பு மொத்தக் காப்புத் தொகையில் சிறு பகுதியாகவே இருப்பது வழக்கம். அமெரிக்கப் பாலிசிகளில் ‘அக்யூட் ஆன்செட்’ என்றொரு பிரிவு உண்டு. பழைய நோய் திடீரென்று, முன்னறிகுறி இல்லாமல் தீவிரமாகி, தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால் செலவை ஏற்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மோசமான நிலை இதில் சேராது. மூன்று நாளாக லேசாக நெஞ்சு அடைக்கிறது என்று பொறுத்திருந்துவிட்டு நான்காம் நாள் போனால், அந்தப் பொறுமையே கிளெய்மை மறுக்கக் காரணமாகலாம். பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வலியை வெளியே சொல்லாமல் இருப்பது நம் பெற்றோரின் வழக்கம் என்பதால், இந்த 24 மணி நேர விதியைப் பயணத்துக்கு முன்பே அவர்களிடம் விளக்கிச் சொல்லிவிட வேண்டும். எழுபது அல்லது எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்தப் பிரிவையே நீக்கிவிடும் பாலிசிகளும் இருக்கின்றன. 68 வயது அம்மாவுக்குப் பொருந்திய பாலிசி 74 வயது அப்பாவுக்குப் பொருந்தாமல் போகலாம். இருவருக்கும் வெவ்வேறு பாலிசி எடுப்பதில் தவறே இல்லை.

முன்மொழிவுப் படிவத்தில் நோயை மறைப்பது, அதைச் சொன்னால் பிரீமியம் ஏறும், பாலிசி கிடைக்காது என்ற பயத்தில் நடக்கிறது. சில முகவர்களே ‘இல்லை’ என்று நிரப்பச் சொல்வதும் உண்டு. மருத்துவமனையில் சேர்ந்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை வருடமாக என்பவைதான். பதில் அங்கே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்; கிளெய்மை ஆராயும் நிறுவனம் கேட்டு வாங்கும் முதல் காகிதம் அது. மறைத்தது தெரிந்தால், அந்த நோய்க்குச் சம்பந்தமில்லாத செலவைக்கூட இழுத்தடிக்கவும் பாலிசியையே செல்லாததாக்கவும் வழி பிறக்கும். நோயை எழுதிக் கொடுத்து, அதற்குக் காப்பு உண்டா இல்லையா என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

ஐந்து லட்சம் டாலர் என்ற எண்

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது காப்புத் தொகை. 50,000 டாலரிலிருந்து 5 லட்சம் டாலர் வரை பாலிசிகள் கிடைக்கின்றன. அமெரிக்காவுக்கு 50,000 டாலர் போதாது. வயதானவர்களுக்கு ஒரு லட்சம் டாலரைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணுக்குக் கீழே உள்வரம்புகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிட அவசியம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இந்தியப் பாலிசிகள் பலவற்றில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, ஐசியுவுக்கு இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு, பரிசோதனைகளுக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு எழுதியிருக்கும். அமெரிக்காவில் ‘ஃபிக்ஸட்’ என்ற பெயரில் விற்கும் மலிவான பாலிசிகளும் இதே மாதிரிதான். ‘காம்ப்ரிஹென்சிவ்’ எனப்படும் முழுமையான பாலிசி, நோயாளியின் பங்கு போக மீதி பில்லை மொத்தக் காப்புத் தொகைக்குள் ஏற்றுக்கொள்ளும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமோனியாவுக்காக மூன்று நாள் படுத்து எழுந்தவருக்கு 20,000 டாலர் பில் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய முழுமையான பாலிசியில் டிடக்டிபிள், அதாவது நோயாளி முதலில் தன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை, 250 டாலர். அதற்குப் பிறகு வரும் முதல் 5,000 டாலரில் 80 விழுக்காட்டையும், மீதி முழுவதையும் நிறுவனம் தரும். நோயாளி கட்ட வேண்டியது 250 டாலரும், 5,000-இல் இருபது விழுக்காடான 1,000 டாலரும் சேர்த்து 1,250 டாலர். அதே பில்லுக்கு ஃபிக்ஸட் பாலிசி அறைக்கு நாளொன்றுக்கு 1,500 டாலர் வீதம் 4,500, மற்ற செலவுகளுக்கு 2,500 என 7,000 டாலர் தந்தால், மிச்சம் 13,000 டாலர் குடும்பத்தின் பொறுப்பு. இரண்டு பாலிசிகளின் முகப்பிலும் ‘1 லட்சம் டாலர்’ என்றே அச்சிட்டிருக்கும். ஃபிக்ஸட் பாலிசியில் மிச்சம் பிடித்த பிரீமியம் இந்த இடைவெளியில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. கைக்கு எட்டும் விலையில் இருந்தால் வயதானவர்களுக்கு முழுமையான பாலிசியையே எடுக்க வேண்டும். பிரீமியம் மிகுதியாகத் தெரிந்தால், டிடக்டிபிள் தொகையை 500, 1,000 டாலர் என்று உயர்த்திக்கொண்டு பிரீமியத்தைக் குறைக்கலாம். ஆயிரம் டாலரை ஒரு குடும்பம் எப்படியாவது சமாளித்துவிடும். பல்லாயிரம் டாலரைச் சமாளிக்கத்தான் காப்பீடு.

நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவமனைகளின் வலையமைப்பை அங்கே ‘பிபிஓ நெட்வொர்க்’ என்கிறார்கள். அந்த வலையமைப்புக்குள் போனால் பேசி வைத்த குறைந்த கட்டணம். வெளியே போனால் நோயாளியின் பங்கு கூடும். பிள்ளை குடியிருக்கும் ஊரில் எந்தெந்த மருத்துவமனை உள்ளே வருகிறது என்று பாலிசி வாங்குவதற்கு முன்பே நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட முடியும். சிறு காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு எமர்ஜென்சிக்குப் போகாமல் ‘அர்ஜென்ட் கேர்’ எனப்படும் சிகிச்சை மையங்களுக்குப் போவது நல்லது. கட்டணம் பல மடங்கு குறையும். எமர்ஜென்சிக்குப் போய், படுக்கையில் சேர்க்கப்படாமல் திரும்பினால் கூடுதல் டிடக்டிபிள் வசூலிக்கும் பாலிசிகளும் உண்டு. நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் கூடாது. உடனே 911-ஐ அழைக்க வேண்டும்.

வழக்கமான பரிசோதனை, பல், கண்ணாடி, பிசியோதெரபி, மது அருந்திய நிலையில் நேர்ந்த விபத்து, சாகச விளையாட்டு ஆகியவை பொதுவாக விலக்கு. பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் போனவருக்கும், சிகிச்சை பெறும் நோக்கத்தோடு போனவருக்கும் எதுவும் கிடைக்காது. உடல் தேறியபின் மருத்துவ உதவியோடு ஊர் திரும்பும் செலவும், இறந்துவிட்டால் உடலைக் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பேசவே தயங்கும் விஷயம் என்றாலும், கவனிக்காமல் விட முடியாது.

மற்ற நாடுகள்

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 30,000 யூரோ காப்பு, 29 ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாதல், தங்கும் நாட்கள் முழுவதையும் உள்ளடக்குதல், தாயகம் திருப்பி அனுப்பும் செலவு ஆகியவை அதன் நிபந்தனைகள். பிரிட்டனும் அயர்லாந்தும் இந்த வட்டத்தில் இல்லை. பிரிட்டனுக்குப் பார்வையாளராகச் செல்பவருக்குக் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் வழக்கமான கட்டணத்தின் 150 விழுக்காடு வசூலிக்கிறார்கள். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்து இரண்டு மாதம் தாண்டினால் அது குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கப்பட்டு, அடுத்த விசா சிக்கலாகலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பெற்றோர் பலர் செல்லும் கனடாவில் ‘சூப்பர் விசா’ இருக்கிறது. ஒரு வருகையில் ஐந்தாண்டு வரை தங்க அனுமதிக்கும் இந்த விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் காப்பு, ஓராண்டுக்குச் செல்லுபடியாகும்படி வேண்டும். முன்பு கனடிய நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்றிருந்தது. 2025 ஜனவரி முதல் கனடிய அரசின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியையும் ஏற்கிறார்கள். கனடியப் பாலிசிகள் சில, பழைய நோயும் ‘ஸ்டேபிள்’ ஆக இருந்தால் அதற்குக் காப்புத் தருகின்றன. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 90 அல்லது 180 நாட்களில் புது மருந்து சேர்ந்திருக்கக் கூடாது, மாத்திரையின் அளவு மாறியிருக்கக் கூடாது என்பது அதன் பொருள். புறப்படும் முன் ஊர் டாக்டரிடம் போய், அவர் நல்லெண்ணத்தோடு பி.பி. மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாலே இந்த நிபந்தனை முறிந்துவிடும். அதனால் பரிசோதனையைப் பயணத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

வளைகுடா நாடுகள் போன்ற இடங்களுக்குக் குடியகல்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்பவர்களுக்கு இந்திய அரசு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ திட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்பது அதன் மையம். அது வேலைக்குப் போகிறவர்களுக்கானது; சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குப் பயன்படாது.

புறப்படும் முன்பும் நோய் வந்தபின்னும்

மாத்திரைச் சீட்டுகளில் மருந்தின் வேதிப்பெயர் தெளிவாக இருக்கும்படி டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சொந்தப் பயனுக்கான மருந்தைப் பொதுவாக 90 நாள் அளவுக்கு மேல் கொண்டுவர வேண்டாம் என்பது அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. ஆறு மாதம் தங்குபவர், மீதி மாதங்களுக்கு என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கலந்துகொள்ள வேண்டும். மருந்து தீர்ந்து, அதனால் உடல் மோசமானால் அதையும் காப்பீடு ஏற்காது.

மருத்துவமனையில் சேர்ந்தவுடன், முடிந்தால் சேர்வதற்கு முன்பே, பாலிசி அட்டையில் இருக்கும் உதவி எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். கேஷ்லெஸ் ஏற்பாட்டை அவர்கள்தான் தொடங்குவார்கள். தாமதமாகச் சொன்னால் மறுக்கக் காரணம் கிடைக்கும். அந்த எண் பெற்றோரின் பைக்குள் மட்டும் இருந்து பயனில்லை. பிள்ளையின் செல்பேசியிலும் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பிரித்து விவரம் எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை உள்ள பக்கம், விபத்தானால் போலீஸ் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை அவ்வப்போது சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். தங்கும் காலத்தை நீட்டிப்பதானால், பாலிசி முடியும் நாளுக்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடையில் கிளெய்ம் செய்தவருக்கு நீட்டிப்பு மறுக்கப்படலாம்.

பில் முழுவதையும் காப்பீடு ஏற்காத நிலையிலும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. அமெரிக்காவின் லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தவர்களுக்கு நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது 2010-இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் விதி. தகுதி மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும்; கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். பில் அலுவலகத்தில் பேசிக் குறைத்துக்கொள்வதும் தவணையில் கட்டுவதும் அங்கே சாதாரணமாக நடக்கிறவை.

இந்தியாவில் வாங்கிய பாலிசியில் கிளெய்ம் மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அமெரிக்காவில் வாங்கிய பாலிசிக்கு இந்த வழி கிடையாது. அதை விற்ற நிறுவனத்திடமும், அந்தந்த மாநிலத்தின் இன்சூரன்ஸ் துறையிடமும்தான் முறையிட வேண்டியிருக்கும்.